ஒரு மேட்டுக்கு இரண்டு சிலுவை

எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி, வருஷத்தில் ஒரு நாள் மட்டும்தான் சிநேகிதி. மற்ற நாட்களில் ஏற்காடு சந்தையில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வோம். பிறகு அவர் தக்காளிக் கூடைப் பக்கம் போவார், நான் கருவாட்டுக் கடைப் பக்கம் போவேன். பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டோம். பார்த்தவர்கள் எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் இருவருக்கும் ஒரே இடம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு தக்காளிக்குப் பேரம் பேச முடியாது.

அந்த இடம் எங்கள் கோயிலுக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தின் கீழ்க்கோடி. நாகலூர் போகிற ரோட்டுக்குக் கீழே சரிவாக இறங்கும் ஒரு துண்டு நிலம் அது. மேலே, ரோட்டை ஒட்டிய சமதரையில், வசதியுள்ளவர்களின் கல்லறைகள், சிமெண்டும் சலவைக்கல்லுமாக. அதற்குக் கீழே எங்களைப் போன்றவர்கள். எல்லாருக்கும் கீழே, பள்ளம் தொடங்குகிற இடத்தில், குழந்தைகள். உயிரோடு இருக்கும்போதுதான் என்றில்லை, செத்த பிறகும் சின்னதுகளுக்குக் கிடைப்பது ஓரத்து இடம்தான்.

என் முதல் பிள்ளை அங்கேதான் போய்ச் சேர்ந்தான். எழுபதுகளில் ஒரு ஆடி மாதம், சாரலும் குளிருமாக இருந்த சமயத்தில், நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டான். சில நாட்கள் இருந்தான். ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்ததால் அவனுக்கு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. அவனை அடக்கம் செய்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். என் கணவரும் கோயில் உபதேசியாரும்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் வரிசையாக இருந்த மண்மேடுகளில் ஒன்றைக் காட்டி, "இதுதான்" என்றார். பெற்ற பிள்ளை இருக்கும் இடத்தை அடுத்தவர் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று பல வருஷம் கோபமாக இருந்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் கணவர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வந்தது, மூட்டை போனது, எதுவும் அவருக்குத் தப்பாது. துக்கத்துக்கு மட்டும் அவர் கணக்கு நோட்டில் பத்தி கிடையாது. போனது போச்சு, இருக்கிறதைப் பார் என்பார். இருப்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரு மகளும் பிறந்தாள். அதன் பிறகு வீட்டில் அந்த முதல் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானோ மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் பெயர்களைக் கூவிக் கூவித் தொண்டை கட்டியவள். என் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் இருந்தது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள்.

அன்றைக்குக் கல்லறைத் தோட்டம் கிட்டத்தட்டச் சந்தை போலத்தான் இருக்கும். புல் செதுக்குவார்கள், மேட்டுக்கு மண் அணைப்பார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு, சாமியார் வருவதற்காகக் காத்திருப்பார்கள். அவர் பூசை முடித்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். குழந்தைகள் மூலைக்கு அவர் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். ஆகையால் எங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஓரத்து இடத்தில் இருந்த ஒரே வசதி அதுதான்.

நான் முதன்முதலாகப் போன திருநாளில், நீலம் கலந்த சுண்ணாம்பை ஒரு வாளி நிறையக் கொண்டுபோயிருந்தேன், அடிக்கிற மட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பக்கத்து மேட்டில் குந்தியிருந்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கறுத்து, உயர்ந்த மனுஷி. அவரிடம் கற்றாழை நாரில் கட்டிய அருமையான மட்டை இருந்தது, சுண்ணாம்புதான் மோராக இருந்தது. நான் கையால் பூசப் பார்த்ததை அவர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், சுண்ணாம்பு கொஞ்சம் இந்தப் பக்கம் ஊத்துங்க. மட்ட நான் தாரேன். கை வெந்து போயிருமுங்க."

என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. மலையில் டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. அவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டபோது நாகலூரில் எஸ்டேட் வேலை என்றார், வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்குக் கல்கட்டுகிறவர் என்றார். அன்றைக்கு என் சுண்ணாம்பும் அவர் மட்டையுமாக இரண்டு மேட்டையும் பூசி முடித்தோம். அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து நான் மட்டை எடுத்துப் போகவில்லை, அவர் சுண்ணாம்பு கரைத்து வரவில்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு நான் கடைசிவரை டீச்சர்தான்.

அக்கா சத்தமில்லாமல் அழுவார். மட்டை பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், கண்ணீர் பாட்டுக்கு வடிந்துகொண்டிருக்கும், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். நான் ஊரைக் கூட்டுகிற ரகம். பெயரைச் சொல்லிச் சொல்லி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுது முடிப்பேன். அழுது ஓய்ந்ததும் பசிக்கும். அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுப்பார். நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றுவேன். ஒரு வருஷம் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரை மேட்டு ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"மூட்ட மூட்டையா காப்பிப் பழம் பறிக்கிறவ வாயில இந்தக் கழனித் தண்ணியவா ஊத்துறீங்க டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். அழுத மூக்கும் வீங்கிய கண்ணுமாக, பெற்ற பிள்ளைகளின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். மேலே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டம்மா முகத்தைச் சுளித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் மாமியார் கல்லறைக்கு வந்தவர். அதற்கெல்லாம் சிரிப்பு வராது.

அந்த நாளைச் சந்தோஷம் என்று சொன்னால் தப்பு, துக்கம் என்று சொன்னாலும் பொருந்தாது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மகள் காத்திருந்த மாதிரி நான் நவம்பர் இரண்டாம் தேதிக்குக் காத்திருந்தேன் என்பது மட்டும் உண்மை. அந்த ஒரு நாளில்தான் என் மகன் மகனாக இருந்தான். "உங்க பையன் இருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பானுங்க" என்று அக்கா சொல்லுவார். அப்படி ஒரு வாக்கியத்தை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போனதும் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்ப்பேன். அதோடு அவன் மறுபடி ஒரு வருஷத்துக்கு இல்லாமல் போவான்.

அக்காவின் பிள்ளையைப் பற்றி நான் கேட்டதில்லை. பெண் குழந்தை, பெயர் இன்னது என்பது மட்டும் அவர் செபம் சொல்லும்போது காதில் விழுந்திருந்தது. என்னுடையதைப் போலத்தான் பிறந்து சில நாளில் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மூலையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கதைதான் என்பது என் எண்ணம். டீச்சர்களுக்கு இந்த வியாதி உண்டு, வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே யோசிப்போம்.

மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசி மழை பேய் மழையாகக் கொட்டியது. சேலம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் எல்லாம் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தது. எங்கெங்கோ மண் சரிந்தது என்று பேச்சாக இருந்தது. கல்லறைத் தோட்டமும் சரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருநாளன்று சுண்ணாம்பு வாளியோடு இறங்கிப் போனேன். சில்வர் ஓக் மரத்தைக் காணோம். பள்ளத்துக்குள் வேர் மேலாகக் கிடந்தது. ஓரத்துக் கைப்பிடிச் சுவரும் இல்லை. எங்கள் வரிசையில் மற்ற மேடுகளோடு எங்கள் இரண்டில் ஒன்றும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மண் புதிதாக ஏற்றி, உருண்டையாகத் தட்டி, அதன் தலைமாட்டில் இரண்டு மரச்சிலுவைகளை நட்டு வைத்திருந்தது. ஒன்று என்னுடையது, இன்னொன்று அக்காவுடையது.

குழி வெட்டுகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முதல் நாள் முழுக்க மழையில் வேலை செய்த களைப்போடு. பள்ளத்தில் கிடந்த சிலுவைகளைத் தேடி எடுத்து வந்தவர் அவர்தான். என்னையும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்த அக்காவையும் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"ரெண்டு புள்ளைங்களையும் ஒண்ணா வச்சுட்டேனுங்க. ஒரே ஊட்டுப் புள்ளைங்கதானுங்களே."

வருஷா வருஷம் ஒரே வாளி, ஒரே மட்டை, ஒன்றாக அழுகை, ஒன்றாகச் சாப்பாடு. அவர் எங்களை அக்கா தங்கச்சி என்றே நினைத்திருக்கிறார். கறுத்து உயர்ந்த அக்காவும், அரிசி மூட்டை போல இருக்கிற நானும். வேறு சமயமாக இருந்தால் அதற்கும் சிரித்திருப்போம். அன்றைக்கு நான் குழி வெட்டுகிறவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன், எந்த மேடு போனது, எந்த மேடு நின்றது என்று. அவருக்குத் தெரியவில்லை. சேற்றோடு சேறாகக் கிடந்ததை அணைத்துக் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்றான பிறகு எது எது என்று பார்க்க அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

விஷயம் மேலே போய், சாமியார் குடையோடு இறங்கி வந்தார். அவர் கூடவே என் கணவர். அதுவரை ஒரு திருநாளுக்கும் அவர் அந்தச் சரிவில் இறங்கியதில்லை. சாமியார் அவரிடம்தான் கேட்டார், ரைட்டர், எது உங்களுடையது என்று. இதுதான் எங்களுடையது, மரத்துக்கு நேர் கீழே வைத்தேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் கணவர். மரம் எங்கே என்று நான் கேட்டதற்குப் பள்ளத்தைக் காட்டினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் காய்ச்சலில் தவறிப் போயிருந்தார். அவர் தரப்பில் ஞாபகம் சொல்ல ஆண் யாரும் இல்லை. அக்காவை யாரும் கேட்கவில்லை. போன பிள்ளைக்கு ஒரு பூசை வைத்துவிடலாம், அதன் சிலுவையை எடுத்துவிடலாம் என்று சாமியார் மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர். ரைட்டர் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

அக்கா அப்போது குந்தியபடி, சிலுவைகள் சாயாமல் இருக்க மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். முழங்கைவரை சேறு. தலையைத் தூக்கவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். அதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு வருஷம்கூட வந்து ஒரு கை சுண்ணாம்பு பூசாதவர், மனை அளக்க வந்தவர் மாதிரி வந்து நின்று, இது எங்களுடையது என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு சிலுவையும் இப்படியே இருக்கட்டும், எதையாவது பிடுங்குகிறவர்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சாமியார் எதிரிலேயே கத்தினேன். அந்த வாரம் முழுக்க என் கணவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. நான் வாழ்க்கையில் செய்த ஒரு நல்ல காரியம், அதுவும் புருஷன் மேலிருந்த ஆத்திரத்தில் செய்தது.

அதிலிருந்து ஒரு மேடுதான். ஒரு வாளி, ஒரு மட்டை, ஒரு மேடு, இரண்டு மெழுகுவத்தி. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிவிட்டது. யார் பிள்ளைக்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு அழுகை எங்களுக்குப் பழகியது. அக்கா என் மகன் பெயரைச் சொல்லியும் செபித்தார். நான் அவர் மகள் பெயரைச் சொல்லியும் செபித்தேன். குழி வெட்டுகிறவர் நினைத்தது கடைசியில் சரியாகத்தான் போயிற்று என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆனால் என் புத்தி சும்மா இருக்காது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, இது யார், இது யார் என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். உபதேசியாரைக் கேட்டேன். குழி வெட்டுகிறவரைத் தனியாக ஒரு தடவையும், அவர் மனைவியை ஒரு தடவையும் கேட்டேன். மரம் நின்ற குழியைத் தேடிப் பள்ளத்து விளிம்பில் நடந்து, ஒரு முறை சறுக்கி விழப் பார்த்தேன். இருப்பது அவன்தான் என்றால் மண்ணைத் தொடும்போது எனக்குத் தெரியாதா என்று நினைப்பேன். தொட்டுப் பார்ப்பேன். மண்தான் தெரியும்.

அக்கா ஒரு நாளும் தேடவில்லை. நான் பேச்சை எடுத்தால், "உடுங்க டீச்சர், மழ வந்துரும், பூவப் போடுங்க" என்று திருப்பிவிடுவார். பாவம், வெள்ளந்தி, எதையும் துருவத் தெரியாத மனுஷி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். என்னைவிட அவர்தான் அந்த மேட்டைக் கருத்தாகப் பூசுவார். குளிப்பாட்டி முடித்த பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி, கடைசியில் ஓரங்களை விரலால் ஒற்றி எடுப்பார். நான் பூசின இடத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அதன் மேல் இன்னொரு தடவை மட்டையை ஓட்டுவார்.

வருஷங்கள் போயின. என் கணவர் போய்ச் சேர்ந்து, மேல் வரிசையில் சிமெண்டுக் கல்லறையில் வசதியாகப் படுத்துக்கொண்டார். மகள் அவருக்கு வழுவழுப்பான கல் பதித்துக் கொடுத்திருந்ததால் துணியால் துடைத்தால் போதும். அவருக்கு ஒரு மாலையைப் போட்டு, ஒரு பரமண்டல செபத்தைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். எனக்கு வேலை ஓய்வு ஆனது, முட்டி வலி வந்தது. அக்காவுக்கு முதுகு வளைந்தது. அவருக்கு ஒரு மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. எஸ்டேட் கொடுத்திருந்த லயன் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள், மகன் வந்துவிடு என்கிறான், கிறிஸ்துமஸுக்கு முன்னால் போகிறேன் என்று ஒரு திருநாளன்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷம் பழம் கடையில் வாங்கியது. எஸ்டேட்டில் இருந்த ஆரஞ்சு மரங்கள் எப்போதோ பட்டுப்போயிருந்தன.

இனி இவரை எப்போது பார்ப்போம் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் கேள்விதான் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை என்று தோன்றியது.

"அக்கா, இத்தன வருஷத்துல, இங்க இருக்கறது யாரு புள்ளன்னு தெரிஞ்சுக்கோணும்னு உங்களுக்கு ஒருக்காவாச்சும் தோணலீங்களா?"

அவர் கையிலிருந்த சுளையை எனக்குக் கொடுத்தார். தோலைக் கீழே போடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியுமுங்க டீச்சர்."

நான் சுளையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். மகளை அடக்கம் செய்தபோது, நரி தோண்டிவிடக் கூடாது என்று அவர் வீட்டுக்காரர் தன் கையால் உடைத்த ஒரு பட்டைக் கல்லைக் கால்மாட்டில் பதித்து, அதன் மேல் மண் போட்டிருக்கிறார். ரொம்ப ஆழமில்லை. கல்கட்டுகிறவருக்கு மகளுக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். மண் சரிந்த வருஷம், சாமியாரும் என் கணவரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஊறிப்போன மண்ணுக்குள் அக்கா கையை விட்டுத் துழாவியிருக்கிறார். கால்மாட்டில் பார்த்தார், தலைமாட்டில் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"கல்லு இல்லீங்க. எங்கயும் இல்லீங்க. இது உங்க பையனுங்க. எம்பட புள்ள அன்னைக்கே பள்ளத்துல போயிட்டா."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வேறு எதையும் சொல்லி அதை மறைக்க முடியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, என் பிள்ளை இங்கேதான் இருக்கிறான் என்று. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்ததை அவர் கண்டிப்பாகப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னை இன்றைக்கும் தூங்க விடுவதில்லை.

"நீங்க அன்னைக்கு ரெண்டு சிலுவையும் இருக்கட்டும்னு சொன்னீங்க. அதையே புடிச்சுக்கிட்டு வந்துட்டேனுங்க. உங்க புள்ள மேட்டுல எம் புள்ளைக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்துட்டேன். வேற எங்கீங்க போவேன்? மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தன் பிள்ளை அங்கே இல்லை என்று தெரிந்தும், வருஷா வருஷம் நாகலூரிலிருந்து வந்து, என் பிள்ளையின் மேட்டை என்னைவிட நன்றாகப் பூசிவிட்டுப் போனவர், அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். உங்கள் பெண் எப்படி இருப்பாள் அக்கா என்று.

அவர் முகம் மாறிவிட்டது. கேட்பதற்காகவே காத்திருந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனார். சில நாளில் போன குழந்தை இல்லை அது. தவழ்ந்து, எழுந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருக்கிறாள். காப்பி பறிக்கும்போது செடி ஓரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போவாராம். நாலு வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் குரல் கேட்டால் போதும், கையைத் தட்டுவாளாம். மேஸ்திரி அதட்டுவது கேட்டாலும் தட்டுவாளாம். இரண்டு பல் முளைத்திருந்ததாம். பழுத்த காப்பிப் பழத்தைக் கொடுத்தால் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பத் தெரியுமாம். பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள்.

என் மகன் கண்ணைச் சரியாகத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நான் பத்து ஊருக்குக் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தபோதெல்லாம், பக்கத்தில் இந்தத் தாய் கைதட்டலை நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். எனக்கு என் மேல் வந்த கோபத்தைப் பழக்க தோஷத்தில் அவர் மேலேயே காட்டினேன்.

"இத்தன நாளும் சொல்லாம இருந்துட்டு, போற நாள்ல எதுக்குக்கா சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்களே டீச்சர்" என்றார்.

அதற்குள் சாமியார் தீர்த்தத்தோடு இறங்கி வந்துவிட்டார். புதிய சாமியார், சின்ன வயது. ஒரு மேட்டில் இரண்டு சிலுவை ஏன் என்று கேட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னேன். அவர் தெளித்துவிட்டுப் போனார். அக்கா எழுந்து, மடியில் இருந்த பழத்தோலைப் பள்ளத்துப் பக்கம் போடாமல் ரோடுவரை கையிலேயே கொண்டுவந்தார். நாகலூர் பஸ் வந்தது. அடுத்த வருஷமும் கட்டாயம் வர வேண்டும், இடம் உங்களுடையதும்தான் என்று நான் சொன்னது பஸ் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். சந்தையில் ஆட்டுகிற மாதிரித்தான் ஆட்டினார்.

அவர் வரவில்லை. முதல் வருஷம் உடம்புக்கு முடியவில்லை என்று மகன் போனில் சொன்னான். அடுத்த வருஷம் அதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரைத் திருப்பூரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அங்கே யார் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பதில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

இப்போதும் நவம்பர் இரண்டாம் தேதி இறங்கிப் போகிறேன், ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஊன்றுகோல். மட்டையைச் சேலத்தில் வாங்கினேன், நார் உதிர்கிறது. இரண்டு சிலுவையும் இருக்கின்றன. இரண்டு மெழுகுவத்தியும் ஏற்றுகிறேன். என் பிள்ளை பெயரைச் சொல்லும்போது கண் மேட்டில் நிற்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது, எவ்வளவு பிடித்து நிறுத்தினாலும் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. தெரியாமல் இருந்தவரை எனக்கு அந்த மேட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.